இன்ஜெக்டர் பற்றி எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டீசலை அழுத்தி அனுப்பும் பம்பும், அதை எஞ்சின் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரும் மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். ஆலங்குளம், மானூர் பக்கத்துக் கிணற்று ஆயில் எஞ்சின், அம்பாசமுத்திரம் வயல்களில் ஓடும் அறுவடை இயந்திரம், உவரியிலிருந்து வரும் வள்ளத்து எஞ்சின், நாங்குநேரி வழியாக ஓடும் லாரி என்று எல்லாம் எங்கள் மேசைக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கையில் எண்ணெயோடு நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்லி அனுப்புவது மனதுக்கு உறுத்தலாக இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

விரல் நீள இரும்புத் துண்டுக்கு ஏன் இவ்வளவு விலை?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 குதிரைத்திறன் உள்ள மூன்று சிலிண்டர் டிராக்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுகிறது என்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 1000 முறை டீசல் பீய்ச்சுகிறது. முழுப் பாரத்தில் ஒரு முறைக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம். இரண்டு நெல்மணியின் எடை. அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் திறந்து, டீசலைப் புகைபோலத் தூளாக்கி, சிலிண்டருக்குள் சரியான தூரம் எறிந்து, ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் மூட வேண்டும். அடுத்த முறையும் அதே அளவு, அதே நேரம்.

இதைச் செய்வது நாசில் என்று நாம் சொல்லும் முனைப் பகுதி. அதற்குள் ஓர் ஊசியும் அந்த ஊசி ஓடும் உடலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ரப்பர் சீல் எதுவும் கிடையாது. இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால் அந்த நெருக்கம் புரியும். ஊசியையும் உடலையும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்துத் தேய்த்து அனுப்புகிறார்கள். ஒன்றின் ஊசியை இன்னொன்றின் உடலில் போடவே கூடாது. கழுவும்போதும் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனிக் கிண்ணத்தில்தான் போடுவேன்.

ஜோடி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவிகூட வேண்டாம். சுத்தமான டீசலில் நனைத்த ஊசியை உடலுக்குள் விட்டு, சாய்வாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டுவிட வேண்டும். தன் எடையிலேயே அவசரமில்லாமல் வழுக்கி உள்ளே போய் உட்கார வேண்டும். நடுவில் நின்றால் துரு அல்லது பிசின். கல்லைப் போல விழுந்தால் தேய்ந்துவிட்டது.

ஊசியைத் திறப்பது எது?

பழைய வகை எஞ்சினில் டீசலே திறந்துகொள்கிறது. ஊசியின் மேல் ஒரு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். ஊசியின் கீழ்ப்பகுதியில் ஒரு தோள்பட்டை உண்டு. பம்பு அனுப்பும் டீசல் அந்தத் தோள்பட்டையைத் தூக்கும். வில்லின் பலத்தை மிஞ்சிய கணத்தில் ஊசி எழும்பும்.

இதில் எனக்கு இன்றும் வியப்புத் தருவது ஒரு சிறு விஷயம். மூடியிருக்கும்போது டீசலின் அழுத்தம் தோள்பட்டையில் மட்டுமே படுகிறது, ஊசியின் நுனியில் படுவதில்லை. தான் உட்கார்ந்து அடைக்கும் இருக்கையை விட்டு ஊசி ஒரு மயிரிழை எழுந்துவிட்டால் நுனியிலும் அழுத்தம் பாய்கிறது. திடீரெனப் பலம் கூடிவிடுவதால் ஊசி தயங்காமல் துள்ளி மேலே போகிறது. மெல்ல மெல்லத் திறந்தால் முதல் டீசல் தூளாகாமல் வழிந்துவிடும். அதைத் தடுக்கத் தனியாக ஒரு பாகம் வைக்காமல், வடிவத்திலேயே தீர்த்துவிட்டார்கள்.

சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சும் டிராக்டர் போன்ற எஞ்சின்களில் ஊசி திறக்கும் அழுத்தம் பொதுவாக 180 முதல் 250 பார் வரை இருக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பாபநாசம் அணை 143 அடி நிரம்பி நிற்கும்போது அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் சுமார் 4.3 பார்தான். ஐம்பது பாபநாசத்தை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் வரும் அழுத்தத்தை அந்தச் சிறு வில் தாங்கி நிற்கிறது. வில்லின் மேல் வைக்கும் மெல்லிய ஷிம் தகட்டை மாற்றி இந்த அளவைச் சரிசெய்கிறோம். சில வகைகளில் அதற்குத் திருகு உண்டு.

“மூடுவதுதான் முக்கியம்” என்று எப்போதும் சொல்கிறீர்களே, ஏன்?

இன்ஜெக்டர் வடிவமைப்பில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரியத்துக்காகவே செய்யப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். பீய்ச்சல் முடிந்த பிறகு ஒழுகும் டீசல் எரிவதற்குக் காற்றும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது. பாதி எரிந்து கரும்புகையாக வெளியே போகும். மீதி நாசில் நுனியிலேயே கரியாகப் படிந்து துளையை மறைக்கும். ஒழுக்கு பெரிதானால் பிஸ்டனின் தலையில் ஓர் இடத்தில் மட்டும் சூடு ஏறி ஓட்டை விழும். அப்படி ஓட்டை விழுந்த பிஸ்டன்களைப் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

கூர்மையாக மூட வைக்கும் வேலை பம்பிலேயே தொடங்குகிறது. பம்பின் தலையில் டெலிவரி வால்வ் இருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு சிறிய வளையம் உண்டு. பீய்ச்சல் முடிந்ததும் வால்வ் கீழே இறங்கும்போது அந்த வளையம் குழாயிலிருந்து கொஞ்சம் டீசலைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. குழாயில் அழுத்தம் சட்டென்று விழ, ஊசி சட்டென்று உட்காருகிறது. இந்த வளையம் தேய்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல நாசில் போட்டாலும் ஒழுகும். நாசிலை மட்டும் மாற்றிவிட்டுப் புகை நிற்கவில்லையே என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் காட்டுவேன்.

பம்பிலிருந்து போகும் உயர் அழுத்தக் குழாய்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதும், சில வீணாக வளைந்து நெளிந்து போவதும் வெறும் அழகுக்காக இல்லை. அழுத்த அலை டீசலில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய முக்கால் மில்லிசெகண்ட் எடுக்கிறது. ஒரு குழாயை 20 சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்தால், 2000 சுற்றில் அந்தச் சிலிண்டர் மட்டும் ஒன்றரை டிகிரிக்கு மேல் முந்திக்கொள்ளும். குழாய் ஒடிந்தால் அதே நீளம், அதே உள்விட்டம் உள்ளதையே போடுங்கள்.

கடைசியாக, ஊசியின் நுனிக்கும் துளைகளுக்கும் நடுவே உள்ள சின்னக் குழி. ஊசி மூடிய பிறகும் இந்தக் குழிக்குள் ஒரு துளி டீசல் மாட்டிக்கொண்டிருக்கும். அது சூட்டில் மெல்லக் கசிந்து எரியாத புகையாகும். அதனால் புதிய வடிவமைப்புகளில் குழியைச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். சிலவற்றில் ஊசியின் கூம்பே துளைகளின் வாயை நேராக மூடிவிடும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஊசி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு துளையில் அதிகம், எதிர்த் துளையில் குறைவு என்று பீய்ச்சல் ஏறுமாறாகிவிடும்.

டெஸ்டரில் வைத்துக் கையால் அடிக்கிறீர்களே, என்ன பார்க்கிறீர்கள்?

டெஸ்டர் என்பது கைப்பிடியை அடித்து அழுத்தம் ஏற்றி இன்ஜெக்டரைச் சோதிக்கும் கருவி. முதலில் காதால் கேட்கிறேன். நல்ல நாசில், கைப்பிடியை மெல்ல அழுத்தும்போது ‘கிர்ர்’ என்று அதிரும். ஊசி நொடிக்குப் பலமுறை எழுந்து உட்காரும் சத்தம் அது. அது கேட்காமல் ஊமையாக வழிந்தால் இருக்கையில் பழுது. பிறகு பீய்ச்சலைப் பார்ப்பேன். ஐந்து துளை என்றால் ஐந்து விசிறியும் ஒரே நீளம், ஒரே அடர்த்தி. நடுவில் ஈர்க்குச்சிபோல ஒரு கோடு தெரிந்தால் அந்தத் துளை அரித்துவிட்டது.

அதன் பிறகுதான் எனக்கு முக்கியமான சோதனை. நுனியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, திறக்கும் அளவுக்கு 10 பார் குறைவாக அழுத்தம் ஏற்றி, 10 விநாடி அப்படியே பிடித்திருப்பேன். நுனி ஈரமாகலாம். சொட்டாகத் திரண்டு விழக் கூடாது. கூட வந்தவரையும் குனிந்து பார்க்கச் சொல்வேன். மற்ற எதை நம்பாவிட்டாலும் அந்தச் சொட்டைப் பார்த்தால் எல்லாரும் நம்பிவிடுவார்கள்.

துளை பெரிதான நாசில் போட்டால் இழுவை கூடுமா?

இழுவை கூடாது. கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் விற்கிறவர்கள் மேல் உண்டு. எவ்வளவு டீசல் என்பதைப் பழைய எஞ்சினில் பம்பு தீர்மானிக்கிறது. துளை தீர்மானிப்பது அந்த டீசல் எப்படிச் சிதறுகிறது என்பதை. பெரிய துளையில் துளி பெரிதாகும். பெரிய துளி முழுதாக எரியாது, வேகமாகப் போய்ச் சிலிண்டர் சுவரில் மோதி எஞ்சின் ஆயிலைக் கழுவிவிடும். ரொம்பச் சிறிய துளையும் ஆகாது. துளி தூளாகும், ஆனால் காற்றைத் துளைத்துக்கொண்டு தூரம் போகாது. அதனால்தான் துளை சிறுக்கச் சிறுக்க அழுத்தத்தை ஏற்றவேண்டி வந்தது. பழைய டிராக்டரில் துளை 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். இன்றைய கார்களில் 0.1 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

துளையின் எண்ணிக்கையும் சாய்வும் பிஸ்டன் தலையில் குடைந்துள்ள கிண்ணத்துக்கும் காற்று அதில் சுழலும் வேகத்துக்கும் பொருத்தமாகக் கணக்கிடப்பட்டவை. துளையைக் கூட்டினால் ஒரு விசிறியின் புகை காற்றுச் சுழலில் பக்கத்து விசிறிமேல் விழும். ‘பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கிறது’ என்று வேறு எண் உள்ள நாசிலைப் போடாதீர்கள்.

சில எஞ்சின் நாசிலில் ஒரே துளையும் நடுவில் ஒரு முளையும் இருக்கிறதே?

அது பின்டில் நாசில். சிலிண்டருக்கு நேராக இல்லாமல் அதை ஒட்டிய முன்னறை என்ற சிறு அறைக்குள் பீய்ச்சும் எஞ்சின்களுக்கு. அந்த அறையிலேயே காற்று பலமாகச் சுழல்வதால் மெல்லிய ஒரே கூம்புப் பீய்ச்சல் போதும். அழுத்தமும் குறைவு, 100 முதல் 150 பார். முளை ஒவ்வொரு முறையும் துளைக்குள் போய் வருவதால் கரியைத் தானே சுரண்டிக்கொள்ளும். உழைப்பாளி. இந்த வகை எஞ்சின் டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்பதுதான் குறை.

காமன் ரெயில் என்பது அப்படி என்ன வேறு?

டீசல் எஞ்சின் வரலாற்றில் சிக்கலே பீய்ச்சல்தான். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எரிபொருளை அழுத்தக் காற்றைக் கொண்டே ஊதி உள்ளே தள்ளினார்கள். அதற்குத் தனி கம்பிரசர் வேண்டும். வண்டியில் வைக்க முடியாத பாரம். 1927-ல் பாஷ் நிறுவனம் பீய்ச்சல் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகுதான் லாரியும் டிராக்டரும் பரவலாக டீசலுக்கு வந்தன. ஆனால் அந்த ஏற்பாட்டில் அழுத்தம் எஞ்சின் வேகத்தைச் சார்ந்தது. வேகம் குறைந்தால் அழுத்தமும் குறையும், எஞ்சின் புகை கக்கும்.

காமன் ரெயிலில் பம்பின் வேலை அழுத்தத்தைச் சேர்த்து வைப்பது மட்டும். தடித்த ஒரு குழாய்க்குள் டீசல் எப்போதும் உயர் அழுத்தத்தில் காத்திருக்கும். எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை மின்கட்டுப்பாடு சொல்லும். கார்களில் இது 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156-ல் வந்தது. அன்று 1350 பார், இன்று 2000-ஐத் தாண்டி 2500 வரை போயிருக்கிறது.

இவ்வளவு அழுத்தத்துக்கு எதிராக மின்காந்தம் ஊசியை நேராகத் தூக்க முடியாது. அதனால் ஒரு நுட்பம் செய்திருக்கிறார்கள். ஊசியின் மேலும் கீழும் அதே அழுத்தமுள்ள டீசல் நிற்கும். மேலே பரப்பு அதிகம், அதனால் ஊசி மூடியே இருக்கும். மேலறைக்கு டீசல் வர ஒரு நுண்துளை, போக அதைவிடக் கொஞ்சம் பெரிய நுண்துளை. போகும் துளையை ஒரு சிறு குண்டு அடைத்திருக்கும். மின்காந்தம் அந்தக் குண்டை மட்டும் விடுவிக்கிறது. மேலறையில் அழுத்தம் விழ, கீழே இருக்கும் டீசலே ஊசியைத் தூக்கிவிடுகிறது. மடை திறக்க ஒருவர் போதும், தண்ணீரே மற்ற வேலையைச் செய்துகொள்ளும் என்பதுபோல. சில இன்ஜெக்டர்களில் மின்காந்தத்துக்குப் பதில் பீசோ படிகத் தகடுகளின் அடுக்கு இருக்கும். மின்சாரம் பட்டதும் அந்த அடுக்கு சில பத்து மைக்ரான் நீளும். அது இன்னும் வேகம்.

இந்த வேகத்தால் ஒரே பீய்ச்சலைப் பலதாகப் பிரிக்க முடிகிறது. முதலில் 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டும் முன்பீய்ச்சல், அது பற்றியதும் பெரிய பீய்ச்சல். பழைய டீசல் எஞ்சினின் ‘கடகட’ சத்தம் எங்கே போயிற்று என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இன்ஜெக்டர் மாற்றினால் ஸ்கேனரில் எண் ஏற்ற வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

பெரும்பாலான காமன் ரெயில் வண்டிகளில் உண்மை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தொழிற்சாலைச் சோதனையில் சிறிது கூடவோ குறையவோ பீய்ச்சும். அந்த வித்தியாசம்தான் தலையில் பொறித்த எண். அதை ஸ்கேனர் கருவி மூலம் வண்டியின் மின்கட்டுப்பாட்டில் ஏற்றாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் ஓய்வுச் சுற்றில், அதாவது ஐடிலில், குலுங்கும்.

எங்கள் பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

தண்ணீரும் தூசியும். இன்ஜெக்டர் தானாகத் தேய்ந்து கெடுவதைவிட, டீசலோடு வரும் பொருளால் கெடுவதையே அதிகம் பார்க்கிறேன்.

ஒரு பிசானப் பருவ நெல் அறுவடையின்போது சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து அறுவடை இயந்திரத்தின் நான்கு இன்ஜெக்டர்களையும் கொண்டுவந்தார் ஒருவர். இரண்டு மாதத்துக்கு முன்தான் புதிதாகப் போட்டது. “அண்ணாச்சி, பெட்ரோல் பங்கில் பிடித்த சுத்தமான டீசல்தான்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஊசியைப் பிரித்தால் நான்கிலும் செம்பழுப்புத் துரு. களத்தில் டீசலை எதில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். பேரலில். பேரலை நிமிர்த்தி வைத்திருந்தார். கார்த்திகை மழையில் அதன் தலையில் தேங்கிய தண்ணீர், பகல் சூட்டில் விரிந்தும் இரவில் சுருங்கியும் மூச்சு விடும் பேரலுக்குள் மூடியின் மரை வழியே இறங்கியிருக்கிறது. டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். அடியிலிருந்துதான் கைப்பம்பு உறிஞ்சும். நான்கு இன்ஜெக்டரின் விலை அவருக்கு அந்தப் போகத்து வாடகையில் பெரும்பங்கு. அவர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

பேரலைக் கிடையாக, நிழலில், மூடி பக்கவாட்டில் வருமாறு வையுங்கள். பிடித்த டீசலை ஒரு நாள் அசையாமல் விடுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்தை உறிஞ்சாதீர்கள். ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர்த் திருகைத் திறந்து விடுவதை மழைக்காலத்தில் தினமும் செய்யுங்கள்.

ராதாபுரம், திசையன்விளை பக்கத்தில் ஆடிக் காற்று தேரி என்ற செம்மணல் மேட்டு மணலை அள்ளிவரும் காலத்தில், டீசல் ஊற்றும்போது புனலில் விழும் தூசியே போதும். காமன் ரெயில் ஃபில்டர்கள் 5 மைக்ரானுக்கும் குறைந்த துகளைப் பிடிக்கச் செய்யப்பட்டவை. அதைத் தாண்டியது இன்ஜெக்டருக்குள் மேலறைத் துளையை அடைக்கும் அந்தச் சிறு குண்டு உட்காரும் இடத்தை மணல்தாள்போல அரிக்கும். ஃபில்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கடற்கரை வள்ளங்களில் டேங்கின் காற்றுத் துவாரம் உப்புநீர் தெறிக்காத இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா? புங்க எண்ணெய் ஊற்றலாமா?

இரண்டும் வேண்டாம். பம்புக்கும் ஊசிக்கும் உயவு தருவது டீசலே. வேறு எண்ணெய் அங்கே கிடையாது. பிஎஸ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். கந்தகத்தை நீக்கும்போது இயல்பான வழவழப்பும் போய்விடுவதால், அதற்கென மருந்து சேர்த்துத்தான் விற்கிறார்கள். மண்ணெண்ணெய் அதையும் நீர்த்துவிடும்.

புங்க எண்ணெயும் காட்டாமணக்கு எண்ணெயும் எதிர்ப்பக்கத்துத் தொல்லை. பச்சை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டி. தூளாகாது, கரியாகும். மெத்தனால் சேர்த்து மாற்றிக் கிளிசரினைப் பிரித்தெடுத்த பயோடீசல் வேறு பொருள். அது தரமாக இருந்தால் எஞ்சினுக்கு ஏற்கும்.

பைக்கில் உள்ள இன்ஜெக்டரும் இதுதானா?

பெயர்தான் ஒன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 வந்தபோது பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. அங்கே அழுத்தம் சுமார் 3 பார். பெட்ரோல் சிலிண்டருக்குள் நேராகப் போகாமல், காற்று போகும் வழியில் வால்வின் முதுகில் தெளிக்கப்படுகிறது. மின்காந்தமே ஊசியை நேராகத் தூக்கிவிடும். வெளியூர் போய் மாதக்கணக்கில் நிறுத்தினால் பெட்ரோல் காய்ந்து பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். டேங்கை வற்ற விட்டு ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இன்ஜெக்டர் சிறிது கூடுதல் நேரம் திறக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் செலவாகும்.

இவ்வளவு நுண்ணிய துளையை எப்படிப் போடுகிறார்கள்?

பேட்டை ஐடிஐ மாணவர்கள் வந்தால் கேட்கும் கேள்வி. எனக்கு மிகப் பிடித்த கேள்வியும்கூட. மெல்லிய கம்பியை மின்முனையாக வைத்து, மின்பொறியால் எஃகை அரித்துத் துளைக்கிறார்கள். பிறகு தேய்ப்புத் துகள் கலந்த திரவத்தை அதிக அழுத்தத்தில் துளை வழியே செலுத்துகிறார்கள். துளையின் உள்வாய் விளிம்பு உருண்டையாகிறது. கூரான விளிம்பில் டீசல் திரும்பும்போது அங்கே அழுத்தம் விழுந்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும், அவை வெடிக்கும் இடத்தில் எஃகே அரிக்கும். அதற்காகவே விளிம்பை உருட்டுகிறார்கள். துளையையும் உள்ளே அகலம், வெளியே குறுகல் என்று கூம்பாக வைக்கிறார்கள். இதனால்தான் துளையில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

ஒழுகும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கலாமா?

ஒருபோதும் கூடாது. இந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். முதலில் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், வலி அதிகம் இராது. சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்கும் நிலை வரலாம். பட்டுவிட்டால் காத்திருக்காமல் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே போய், ‘உயர் அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது’ என்று சொல்லுங்கள். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பழைய எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஓடும்போதே குழாய் நட்டைத் தளர்த்துவது வழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யாதீர்கள். எஞ்சினை நிறுத்தி அழுத்தம் வடிந்த பிறகே நட்டில் ஸ்பேனர் வையுங்கள்.

இன்ஜெக்டரைக் கழற்றி பஸ்ஸில் அனுப்பலாமா?

தாராளமாக. தென்காசி, வள்ளியூரிலிருந்து அப்படித்தான் வருகின்றன. கழற்றும் முன் சுற்றிலும் உள்ள அழுக்கைத் துடைத்துவிடுங்கள். எது எந்தச் சிலிண்டர் என்று எண் எழுதிக் கட்டுங்கள். கரியைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், அப்படியே அனுப்புங்கள், அந்தக் கரியைப் பார்த்துத்தான் பாதி நோயைக் கண்டுபிடிப்பேன். குழாய் வாய்களையும் சிலிண்டர் தலையில் உள்ள துவாரத்தையும் சுத்தமான துணியால் அடையுங்கள். துவாரத்தின் அடியில் பழைய செப்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். அதன்மேலேயே புது வாஷரையும் போட்டால் நாசில் இருக்கவேண்டிய உயரத்தில் இருக்காது.